டோட்டல் இல்லாமல் திரும்பி வந்த பிள்ளைக்கு எந்த வழி?

பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. சென்னைப் பக்கம் நடந்த ஒரு பளுதூக்கும் போட்டியில் என் பெண் ஸ்நாட்ச்சில், அதாவது பாரைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேலே தூக்குவதில், மூன்று அட்டெம்ப்ட்டையும் கோட்டைவிட்டாள். பாரில் இருந்த எடை 36 கிலோ. பயிற்சியில் 38 வரைக்கும் தூக்கியவள். முதல் தடவை பார் முன்னால் விழுந்தது. இரண்டாவது தடவை தலைக்கு மேலே போனது, ஆனால் முழங்கை லேசாக மடங்கி நிமிர்ந்துவிட்டது. அது தப்பு என்று மூன்று நடுவர்களில் இரண்டு பேர் சிவப்பு விளக்குப் போட்டார்கள். மூன்றாவது தடவை பின்பக்கம் போட்டுவிட்டாள். ஸ்நாட்ச்சிலும், பாரைத் தோளுக்குக் கொண்டுவந்து அப்புறம் மேலே தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கிலும் தூக்கிய அதிகபட்ச எடைகளின் கூட்டல்தான் டோட்டல். ஸ்நாட்ச்சில் மூன்றும் போனால் டோட்டல் கிடையாது. டோட்டல் இல்லாதவளுக்குப் பட்டியலில் கடைசி இடம்கூடக் கிடையாது.

திரும்பும் வழியில் ஒரு நெடுஞ்சாலை ஓட்டலில் நிறுத்தினோம். மூன்று பரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும் ஒரு வார்த்தை பேசாமல் தின்றாள். அவளுடைய எடைப் பிரிவுக்கு உடம்பு எடை கூடிவிடும் என்று முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவள் வயிற்றில் போனது அரை இட்லியும் நாலு வாய்த் தண்ணீரும்தான். எடை பார்த்த பிறகு வாழைப்பழம் கொடுத்தேன், இறங்கவில்லை. இப்போது வயிறு நிறைந்த பிறகுதான் அழுகை வந்தது. வாலாஜா டோல்கேட் தாண்டும்போது "இனிமே நான் போகலம்மா" என்றாள்.

அவளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. நாங்கள் இருப்பது வேலூரில் சத்துவாச்சாரி. பளுதூக்குதல் இந்த ஊருக்குப் புதிது இல்லை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியிலும் 2018 கோல்டு கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் சத்துவாச்சாரிக்காரர்தான். அவர் அப்பாவும் பளுதூக்கியவர். அதனால் பெண்பிள்ளை பார் தூக்கப் போகிறாள் என்றால் தெருவில் யாரும் வாயைப் பிளப்பதில்லை. போய்விட்டு வெறுங்கையோடு வந்தால் மட்டும் எல்லாரிடமும் ஒரு யோசனை இருக்கும்.

அந்த வாரம் எங்கள் வீட்டிலும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நிறுத்திவிடு என்றார் என் மாமியார். மூன்று வாரத்தில் இன்னொரு போட்டி இருக்கிறது, உடனே இறக்கிவிடு என்றார் வீட்டுக்காரர். கொஞ்ச நாள் சும்மா விடு என்றேன் நான். குண்டு எறிதலுக்கு மாற்றலாம் என்றார் பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர். விளையாட்டு விடுதியில் சேர்த்துவிடு என்றாள் என் தோழி. அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் கடைசியாகத்தான் பேசினார். எல்லாவற்றையும் நான் எடைபோட்டுப் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை ஓடுகிறவனாகவோ கபடி ஆடுகிறவளாகவோ இருக்கலாம், கணக்கு ரொம்ப மாறாது என்று நினைக்கிறேன்.

முதலில் ஆயா. என் மாமியாரைச் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு ஆயா. "பொம்பள புள்ளக்கி இன்னாத்துக்கு இவ்ளோ வெயிட்டு? குட்டையா பூடுவா. வயசுக்கு வந்து எட்டு மாசம் ஆவுது" என்றார். சிரித்துவிட்டுப் போகக்கூடிய பேச்சு இல்லை இது, ஏனென்றால் பாதிக் குடும்பங்களில் பெண்பிள்ளைகளின் விளையாட்டு இந்த வயதில் இந்தப் பேச்சோடுதான் நிற்கிறது. குட்டையாகிவிடுவாள் என்பது தப்பு. சரியான ஆள் பக்கத்தில் நின்று, முறையாகச் சொல்லிக்கொடுத்துச் செய்யும் எடைப் பயிற்சி குழந்தையின் வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்று அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் அமைப்பே சொல்லியிருக்கிறது. ஆனால் ஆயா சொன்னதில் இன்னொரு பாதி உண்டு, அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வயசுக்கு வந்த பெண்ணுக்கு எடை ஏறத்தான் செய்யும். அந்த எட்டு மாதத்தில் அவள் உயரமும் கூடியிருக்கிறாள், இடுப்பும் தோளும் அகன்றிருக்கின்றன. நாங்களோ போன வருஷத்து எடைப் பிரிவிலேயே அவளை அடைத்துவைக்கப் பார்த்தோம்.

நிறுத்துவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். பிடிக்காததை ஒரு குழந்தை விடலாம். ஆனால் தோற்ற அன்றைக்கு ராத்திரி எடுக்கும் முடிவைத் தோற்ற பிள்ளை எடுப்பதில்லை. பசி எடுக்கிறது, அவமானம் எடுக்கிறது. அன்றைக்கே நிறுத்தியிருந்தால் பளுதூக்குதல் என்றதும் வாழ்நாள் முழுக்க அவளுக்கு ஞாபகம் வருவது அந்த இரண்டு சிவப்பு விளக்குதான்.

வீட்டுக்காரர் சொன்னது நேர் எதிர். "சைக்கிள் கத்துக்கும்போது விழுந்தா தூசியத் தட்டி உடனே ஏத்தி விடல?" என்று கேட்டார். அதிலும் நியாயம் இருக்கிறது. பயம் ஆற ஆறக் கெட்டியாகும். கூட்டாளிகள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் வீட்டில் இருந்தால், ஒவ்வொரு நாளும் அந்த வாசல் இன்னும் கொஞ்சம் தூரமாகும். ஆனால் சைக்கிளில் விழுந்த பிள்ளையைப் பள்ளத்திலேயே மறுபடி ஏற்றிவிட மாட்டோம் இல்லையா? அதே 36 கிலோ, அதே பட்டினி, அதே உடம்பு என்று மூன்று வாரத்தில் மறுபடி மேடையில் நிறுத்தினால் கிடைப்பது நாலாவது, ஐந்தாவது, ஆறாவது சிவப்பு விளக்கு.

அவர் மீராபாய் சானுவின் கதையைத் தைரியத்துக்கு எடுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மீராபாய் ஆறு அட்டெம்ப்ட்டில் ஒன்றே ஒன்றைத்தான் சரியாகத் தூக்கினார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்றும் போய், அவருக்கும் டோட்டல் இல்லை. என் பெண்ணுக்கு நேர்ந்ததேதான், ஒலிம்பிக் மேடையில். அப்புறம் 2017 கடைசியில் அனஹெய்மில் 194 கிலோ தூக்கி உலகச் சாம்பியன், 2021 ஜூலையில் டோக்கியோவில் 202 கிலோவோடு வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரியோவுக்கும் அனஹெய்முக்கும் நடுவில் 15 மாதம் இருக்கிறது என்பதை வீட்டுக்காரர் விட்டுவிட்டார். (2024 பாரிஸில் அதே மீராபாய் 199 கிலோ தூக்கி, ஒரு கிலோவில் வெண்கலத்தைத் தவறவிட்டு நாலாவது ஆனதையும் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. நான் சொல்வேன். மேலே போனவர்களுக்கும் மறுபடி இறக்கம் வரும் என்று தெரிந்திருப்பது நல்லது.) அன்றைக்கு ராத்திரி இந்தக் கதையைக் கேட்டு என் பெண் சொன்னது: "அவங்க மீராபாய்ப்பா. நான் நான்." போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பெரிய ஆட்களின் கதைக்கு ஒரு நேரம் உண்டு, அது தோற்ற ராத்திரி இல்லை. ஒரு மாதம் கழித்து அவளாகவே அந்த ரியோ வீடியோவைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நான் சொன்ன வழி, சும்மா விடுவது. "எப்ப தோணுதோ அப்ப போ" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். மற்றவர்களைவிட நான்தான் நல்ல அம்மா என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பும் இருந்தது. மூன்று நாள் நன்றாகப் போனது. நாலாம் நாள் பெல்ட்டும் ஷூவும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. அப்புறம் கவனித்தால், பயிற்சிக் கூடம் இருக்கும் தெரு வழியாக டியூஷனுக்குப் போகிறவள், சர்வீஸ் ரோடு சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறாள். கூடப் பயிற்சி எடுக்கும் பெண்ணை மளிகைக்கடையில் பார்த்துவிட்டு, தயிர் வாங்காமலே திரும்பி வந்திருக்கிறாள். நாள் குறிக்காத லீவு ஓய்வாக இருக்கவில்லை, ஒளிந்துகொள்வதாக மாறிவிட்டது. தினமும் காலையில் ஐந்தரைக்கு முழித்துக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று படுக்கையில் கிடந்தபடி யோசித்திருக்கிறாள். பார் தூக்குவதைவிட அது பெரிய பாரம்.

அதனால் இடைவெளி விடுகிறவர்கள் நாள் குறித்து விடுங்கள். நாங்கள் தைக் கிருத்திகை வரைக்கும் என்று முடிவு செய்தோம். அது வரைக்கும் யாரும் போட்டியைப் பற்றி அவளிடம் பேசக்கூடாது, மாஸ்டரும் கூப்பிட மாட்டார். கிருத்திகைக்கு ரத்தினகிரி மலைக்கோயிலுக்குப் போனோம். பாதிப் படியில் நானும் ஆயாவும் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டோம். இவள் மேலே போய்விட்டு, எங்களைத் தேடித் திரும்பி இறங்கி வந்தாள். "தொடை நல்லாத்தான்மா இருக்கு" என்றாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடிபட்ட பிள்ளைக்கு விஷயமே வேறு. மூட்டிலோ முதுகிலோ வலி என்றால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், டாக்டர் சொல்லும் வரைக்கும் ஓய்வுதான். வலியைத் தாங்கிக்கொண்டு ஆடுவதை விடாமுயற்சி என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரக்கூடாது.

விளையாட்டை மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடற்கல்வி ஆசிரியர் ஆசையாகத்தான் சொன்னார், அவளுக்குக் குண்டு எறிதல் வரவும் வரும். பிள்ளைக்கு இந்த விளையாட்டு சலித்துப்போயிருந்தால் தாராளமாக மாற்றலாம். இவளுக்குச் சலிக்கவில்லை, பயந்திருந்தாள். பயந்த பிள்ளையை வேறு விளையாட்டில் விட்டால் பயமும் கூடவே போகும்.

விடுதி யோசனை என்னை ரெண்டு நாள் தூங்கவிடவில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவள் அடுத்த வருஷம் ஒன்பதாவது, விட்டால் அப்புறம் பதினொன்றில்தான். முட்டை, பால், கடலை உருண்டை, நாலாயிரத்துக்கு வாங்கிய ஷூ என்று மாதக் கணக்கு போடுகிற வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஊரில் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்று முடித்துவிட்டு, தானாகப் போகிறேன் என்று கேட்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஆனால் தோற்றுவிட்டு வந்த மாதத்தில் விடுதி விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினால் குழந்தை அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? தோற்றதற்காக வீட்டை விட்டு அனுப்புகிறார்கள் என்றுதான். தவிர, விடுதிச் சேர்க்கைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அங்கேயும் தேறவில்லையென்றால்? அவளைப் பிரிந்திருக்க எனக்கு மனசில்லை என்பதும் உண்மை, அதை மறைத்துவிட்டு நியாயம் பேச விருப்பமில்லை.

கடைசியில் மாஸ்டர். அவர் எந்த வழியும் சொல்லவில்லை, வீடியோ இருக்கிறதா என்றுதான் கேட்டார். வீட்டுக்காரர் போனில் எடுத்ததை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். வார்ம்-அப்பில் 34 தூக்கும்போதே அவள் கால் நடுங்கியதைக் காட்டினார். "இது பலம் இல்லாம போனது இல்ல மேடம். சோறு இல்லாம போனது." அப்புறம் வீட்டுக்காரர் பக்கம் திரும்பவே இல்லை, பெரிய மனசு. ஏனென்றால் 32-இல் ஆரம்பிக்கலாம் என்று போட்டிக்கு முன்னால் சொன்னவர் மாஸ்டர்தான். 36 போட்டால்தான் மூன்றாவது இடத்துக்குக் கணக்கு வரும் என்று அடம்பிடித்து எழுதவைத்தது நாங்கள். பளுதூக்குதலில் ஒரு விதி உண்டு: ஓர் எடையைத் தவறவிட்டால் அதற்குக் கீழே இறக்கிக் கேட்க முடியாது, அதே எடை அல்லது அதற்கு மேலேதான். உயரமாக ஆரம்பித்துவிட்டால் இறங்கி வர மேடையில் படிக்கட்டே இல்லை. அந்தப் படிக்கட்டை எடுத்தது அவளுடைய அப்பாவும் அம்மாவும்தான்.

எடைப் பிரிவும் அப்படியே. போட்டிக்கு நாலு நாள் முன்னால் அவள் 600 கிராம் கூட இருந்தாள். ஸ்வெட்டர் போட்டு ஓடவிட்டோம், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினோம். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 கிராம் கூட இருந்ததால் இறுதிப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டபோது வீட்டில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து "பாவம்" என்றவர்கள்தான். அவர் ஒலிம்பிக்குக்காகத் தானே முடிவெடுத்த பெரிய மனுஷி. இது வளர்கிற குழந்தை, வருஷத்துக்கு இன்னும் எத்தனையோ போட்டி வரும்.

மாஸ்டரின் வழி இரண்டே வரி. அடுத்த எடைப் பிரிவுக்கு மேலே போகட்டும், வயிறாரச் சாப்பிடட்டும். ஆரம்ப எடை, தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் தூக்குகிற எடையாக இருக்கட்டும்.

இதில் இழப்பு இல்லாமல் இல்லை. மேல் பிரிவில் இருக்கும் பெண்கள் அதிகம் தூக்குகிறவர்கள், இந்த வருஷம் மெடல் மறந்துவிட வேண்டியதுதான். வீட்டுக்காரருக்கு அதுதான் கசந்தது. "எறங்கி ஆரம்பிச்சா எறங்கினவனாத்தானே இருப்பான்?" என்றார். அதற்கு மாஸ்டர் சொன்ன பதில் எங்கள் ஊர் ஆளை வைத்துத்தான். சதீஷ் கிளாஸ்கோவில் தூக்கியது 149-உம் 179-உம், மொத்தம் 328. ரியோவில் பதக்கம் இல்லை. தேசியப் போட்டியில் தொடையில் அடிபட்டு, கோல்டு கோஸ்ட்டுக்குப் போகும்போது முழுசாகத் தேறியிருக்கவில்லை. அங்கே தூக்கியது 144-உம் 173-உம், மொத்தம் 317. நாலு வருஷத்துக்கு முன்னால் தூக்கியதைவிட 11 கிலோ குறைச்சல், வாங்கியது தங்கம். அன்றைய உடம்புக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவை உறுதியாகத் தூக்கியிருக்கிறார். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அபூர்வம்.

இவ்வளவு வழிகளையும் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு மாஸ்டர் பக்கம்தான், நாள் குறித்த இடைவெளியை முன்னால் வைத்துக்கொண்டு. மற்ற வழிகள் எல்லாம் பிள்ளையின் மனசை மாற்றப் பார்க்கின்றன. இது அவள் கையில் ஒரு தூக்கக்கூடிய பாரைக் கொடுக்கிறது. தைரியம் சொல்லித் தைரியம் வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒன்றைச் செய்து முடித்த பிறகு வருகிறதைப் பார்த்திருக்கிறேன்.

பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய தாத்தா மண்டித் தெருவில் மூட்டை தூக்கியவர். இவள் நாலாம் வகுப்பில் தண்ணீர்க் குடத்தை ஒரே மூச்சில் தூக்கியதிலிருந்து "தாத்தா ரத்தம்" என்பதுதான் எங்கள் வீட்டுப் பாராட்டு. 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நல்லா உழைச்சே" என்றும் பாராட்டினார்கள். அப்புறம் வேண்டுமென்றே கடினமான புதிர் கொடுத்துத் தோற்கவைத்தார்கள். அதற்குப் பிறகு பழையபடி சுலபமானதைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். உழைத்தாய் என்று கேட்டவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வாலாஜா டோல்கேட்தான் ஞாபகம் வந்தது. தாத்தா ரத்தம் தூக்கும் என்று சொல்லியே வளர்த்தால், தூக்காத அன்றைக்கு அந்த ரத்தமே தன்னிடம் இல்லை என்றுதானே குழந்தை நினைக்கும்? இப்போது நாங்கள் பார்த்ததை மட்டும் சொல்கிறோம். "இன்னிக்கு முழங்கை மடங்கல." "மூணாவது செட்டுல மூச்சப் புடிச்சு நின்ன." ஆயா மட்டும் இன்னும் தாத்தாவை விடவில்லை, அவரை யார் திருத்துவது.

தைக் கிருத்திகை முடிந்த திங்கட்கிழமை அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்துத் துடைத்தாள். ஆண்டுத் தேர்வு வரைக்கும் போவது, அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிடுவது என்று பேசிக்கொண்டோம். முதல் வாரம் வெறும் பார், 15 கிலோ. இரண்டாவது வாரம் 20. ராத்திரி கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஒரு கட்டு கட்டினாள்.

மார்ச்சில் உள்ளூரில் ஒரு சின்னப் போட்டி. எடை பார்த்தபோது புதுப் பிரிவுக்கு ஒன்றரை கிலோ குறைவாகவே இருந்தாள், கையில் இட்லிப் பொட்டலத்தோடு. ஆரம்ப எடையை எழுதும் சீட்டை மாஸ்டர் எங்களிடம் கொடுக்காமல் அவளிடம் நீட்டினார். பேனாவை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள். 30 என்று எழுதினாள். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.